வீட்டுத் தரகர் யாருடைய ஆள்?



சில வாரங்களுக்கு முன்னர் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, நம் ஜமாஅத்தைச் சேர்ந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் சென்றார். அவருடைய மூத்த மகன் வீட்டு முகவருக்குரிய பரீட்சையில் தேறி, அரசாங்கப் பதிவும் பெற்று, சிங்கப்பூரில் அந்த வேலையில் இறங்கியிருக்கிறான். பிள்ளை ஒழுக்கமானவன், தொழுகையாளி, தகப்பன் சொல் தட்டாதவன். ஆயினும் தகப்பனாருக்கு மனம் ஒப்பவில்லை. "அவன் வீடு கட்டுவதுமில்லை, வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. நடுவில் நின்று பேசுகிறான். பேசியதற்குப் பணம் வாங்குகிறான். என்னுடைய கடையில் ஒரு படி அரிசி அளந்து கொடுத்தால்தான் காசு. இவனுடையது ஹலாலான சம்பாத்தியந்தானா?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற இருவர், "கூலிதானே, தாராளமாக ஹலால்" என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தனர். பதில் சரியானதே. ஆனால் கேட்டவர் முகம் தெளியவில்லை. அவர் கேட்ட கேள்விக்குள் வேறொரு கேள்வி இருந்தது என்று எனக்குத் தோன்றிற்று. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். நான் ஆலிம் அல்லன். பழமும் காய்கறியும் விற்கிறவன். பெரியவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததையும், நானே பட்டு அறிந்ததையும் சொல்கிறேன்.

முதலில் தரகன் என்றவுடன் முகம் சுளிக்கிற நம் வழக்கத்தைச் சற்று ஆராய வேண்டும். அரபு மொழியில் தரகனுக்கு ஸிம்ஸார் என்று பெயர். மதீனத்துக் கடைத்தெருவில் வியாபாரம் செய்தவர்கள் எல்லோரையுமே ஒரு காலத்தில் இந்தப் பெயரால்தான் அழைத்து வந்தனராம். பெருமானார் (ஸல்) அவர்கள் அவ்வழியே வந்தபோது, அதைவிட அழகான 'வியாபாரிகள்' என்னும் பெயரால் அவர்களை விளித்தார்கள் என்றும், வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியம் செய்வதும் கலந்துவிடுகின்றன, ஆகையால் அதனோடு தருமத்தையும் கலந்துகொள்ளுங்கள் என்று புத்தி சொன்னார்கள் என்றும் கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் இச்செய்தி இருக்கிறது. ஆகவே, தரகன் வேறு, வியாபாரி வேறு என்று நாம் மார் தட்டிக்கொள்ள அதிக இடமில்லை. நம் முன்னோர் இத்தீவில் செய்தது என்ன? சேஞ்ச் அல்லியில் நாணயம் மாற்றிக் கொடுத்தார்கள். மண்டிகளில் பிறர் சரக்கைக் கமிஷனுக்கு விற்றார்கள். விளைவிப்பவனுக்கும் உண்பவனுக்கும் நடுவே நின்றே நம் குடும்பங்கள் பிழைத்தன.

புகாரி இமாம் அவர்கள் கூலியைப் பற்றிய பகுதியில் தரகுக்கூலிக்கென்று தனியாக ஒரு தலைப்பு வைத்து, இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் ஆகியோர் அதில் குற்றம் காணவில்லை என்று குறித்திருக்கிறார்கள். ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. பட்டணவாசி நாட்டுப்புறத்தானுக்காக விற்றுக்கொடுக்க வேண்டாம் என்று ஹதீஸ் இருக்கிறது. அதன் பொருளைக் கேட்டவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், அவனுக்குத் தரகனாக இருக்கக் கூடாது என்பதே என்று விளக்கம் சொன்னார்கள். காரணம் என்னவென்று அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். நாட்டுப்புறத்தான் கொண்டுவந்த சரக்கை அன்றைய விலைக்கு விற்றுவிட்டுப் போவான். ஊராருக்கு அது சகாயம். நடுவில் பட்டணத்தான் புகுந்து, "இப்போது விற்காதே, என்னிடம் வைத்துவிட்டுப் போ, விலை ஏறட்டும், மெல்ல விற்றுத் தருகிறேன்" என்பான். விற்பவனுக்கும் லாபம், தரகனுக்கும் லாபம். நஷ்டம் யாருக்கென்றால், அங்கே இல்லாத ஊர் ஜனங்களுக்கு. ஒரு வீட்டை உயர்ந்த விலைக்குத் தள்ளிவிட்டேன் என்று பெருமை பேசும் முகவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஹதீஸ்தான் நினைவுக்கு வருகிறது. அடுத்த மாதம் அதே தெருவில் வீடு தேடும் புதுமணத் தம்பதிகள் அந்த விலையைத்தான் முதலில் காண்பார்கள்.

ஆக, கூலி கூடும். எதற்குக் கூலி, யார் தரப்பில் நின்று கூலி என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

நமக்குக் கணக்கு வரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் தம் வீட்டை 6,00,000 வெள்ளிக்கு விற்க முகவரிடம் ஒப்படைக்கிறார். கமிஷன் நூற்றுக்கு 2 என்று பேச்சு. சிங்கப்பூரில் கமிஷன் இவ்வளவு என்று சட்டம் நிர்ணயிக்கவில்லை. இரு தரப்பும் பேசிக்கொள்வதே. மலேசியாவில் நூற்றுக்கு 3-க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. நம் கணக்கில் முகவருக்கு 12,000 வெள்ளி வரும். இன்னும் மூன்று மாதம் பொறுத்திருந்தால் 6,20,000 வெள்ளிக்கு விற்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கு ஏறத்தாழ 19,600 வெள்ளி கூடுதல் லாபம். முகவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 400 வெள்ளி. மூன்று மாத அலைச்சலுக்கு 400 வெள்ளி! அவர் என்ன சொல்வார்? "இந்த விலையை விட்டால் வேறு விலை வராது, கையெழுத்துப் போட்டுவிடுங்கள்" என்பார். அவர் பொய்யரல்லர், அவருடைய கணக்கு அவரை அப்படிப் பேச வைக்கிறது.

வாங்குகிறவரின் முகவர் நிலைமை இதைவிட வேடிக்கையானது. வாங்கும் விலையில் நூற்றுக்கு 1 அவர் கூலி என்றால், 6,00,000 வெள்ளி வீட்டுக்கு 6,000 கிடைக்கும். அவர் திறமையாகப் பேசி 20,000 வெள்ளி குறைத்துக் கொடுத்தால், தம் கூலியில் 200 வெள்ளியை இழக்கிறார். தன் கடமையைச் செவ்வனே செய்தவனுக்கு அபராதம் போடுகிற கூலி இது. தனியார் வீடுகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. விற்பவரின் முகவர் தமக்கு வரும் கமிஷனில் ஒரு பங்கை வாங்குபவரின் முகவருக்குக் கொடுப்பார். வாங்குபவர், "எனக்கு முகவர் இலவசம்" என்று மகிழ்கிறார். தமக்காக வாதாடுகிறவனுக்கு எதிர்த் தரப்புக் காசிலிருந்து சம்பளம் போகிறதே என்று அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இது சட்டம் செய்தவர்களுக்குத் தெரியாத விஷயமன்று. சிங்கப்பூரில் 2010-ஆம் ஆண்டில் சொத்து முகவர் சட்டம் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் முகவர்களைக் கண்காணிக்க ஒரு மன்றமும் ஏற்பட்டது. ஒரே பேரத்தில் ஒரே முகவர் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சேர்ந்து வேலை செய்யக் கூடாது என்பது அதன் முக்கியமான விதிகளில் ஒன்று. வீடு விற்கும் வாங்கும் பணத்தை முகவர் தம் கையில் வாங்கவும் கூடாது. பதிவு பெற்றவரா என்று பொதுப் பதிவேட்டில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். இவையெல்லாம் நல்லவையே. ஊர்ச் சந்தையில் மாட்டுத் தரகன் துண்டைப் போர்த்திக்கொண்டு விற்பவன் விரலையும் வாங்குபவன் விரலையும் மாறி மாறிப் பிடித்து விலை பேசுவதை நம்மில் மூத்தவர்கள் கண்டிருப்பார்கள். இரு கையும் அவன் கைக்குள். இவனுக்குச் சொன்னது அவனுக்குத் தெரியாது. அந்தத் துண்டைச் சட்டம் பிடுங்கிப் போட்டுவிட்டது என்று சொல்லலாம்.

ஆனால் துண்டை எடுத்தபின்பும் ஒன்று மிச்சமிருக்கிறது. அதுதான் முகவருடைய மௌனம்.

பொய் சொல்வது தவறென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. "இன்னொரு பார்ட்டி செக் புத்தகத்தோடு காத்திருக்கிறார்" என்று இல்லாத ஆளைக் காட்டி விலையேற்றுவது மார்க்கம் விலக்கிய நஜஷ் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். வீட்டு விஷயத்துக்கும் அதையே பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நமக்குப் பேச்சில்லை. பொய்யே பேசாத, ஆனால் கேட்காததைச் சொல்லாத முகவரைப் பற்றித்தான் பேச்சு. மேல்மாடியிலிருந்து நீர் கசிந்து கூரையில் கறை பிடித்திருந்தது, வீட்டுக்காரர் வெள்ளையடித்துவிட்டார், முகவருக்குத் தெரியும், பார்க்க வந்தவர் கேட்கவில்லை. 99 ஆண்டுக் குத்தகையில் மீதி எத்தனை என்பதும், 2019-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து மத்திய சேமநிதிப் பணத்தை எவ்வளவு எடுக்கலாம் என்பது அந்த மீதியையும் வாங்குபவரின் வயதையும் பொறுத்தது என்பதும் முகவருக்குத் தெரியும், வந்தவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

வாங்குகிறவன் கண்ணைத் திறந்து பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கொள்கை. நம் ஃபிக்ஹ் வேறு வழியில் போகிறது. மறைந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை வாங்கியவனுக்குக் கொடுத்திருக்கிறது. அதற்கு மேலும் ஒரு சம்பவம் உண்டு. வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் சந்தையில் நின்றபோது ஒருவர் தம் ஒட்டகத்தை முந்நூறு திர்ஹத்துக்கு விற்றார். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சற்றுக் கவனம் பிசகி நின்ற வாஸிலா (ரலி) அவர்கள் பின்னாலேயே விரைந்து, அதை இறைச்சிக்கு வாங்கினீரா, சவாரிக்கா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றார் அவர். அப்படியானால் அதன் குளம்பில் துளை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் நூறு திர்ஹம் குறைக்க வேண்டியதாயிற்று. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் அங்கலாய்த்தார். குறையைச் சொல்லாமல் விற்பது விற்பவனுக்கு ஆகாது. அதை அறிந்த எவனும் சொல்லாமலிருப்பதும் ஆகாது என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டதை அப்போது வாஸிலா (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள்.

இதில் என் மனத்தைத் தைத்தவை இரண்டு. வாஸிலா (ரலி) அவர்கள் அந்தப் பேரத்தில் யாருடைய ஆளும் அல்லர். ஒரு திர்ஹமும் கூலி பெறவில்லை. சும்மா நின்றவருக்கே அந்தக் கடமை என்றால், கூலி வாங்கிக்கொண்டு நிற்பவன் எப்படித் தப்புவான்? இரண்டாவது, அவர்கள் முதலில் கேட்ட கேள்வி. இறைச்சிக்கென்றால் குளம்பில் துளையிருந்தாலென்ன? வாங்குகிறவனுடைய நோக்கத்தைக் கேட்ட பிறகே குறை குறையாகிறது.

அந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்ட கதை ஒன்று உண்டு. எழுதக் கூச்சமாக இருக்கிறது; இருந்தாலும் எழுதுகிறேன்.

1998-ஆம் ஆண்டு. முந்திய ஆண்டு தொடங்கிய ஆசியப் பொருளாதார நெருக்கடியினால் கடைகள் காலியாகக் கிடந்த காலம். எனக்குத் தெரிந்த ஒரு கடைவீட்டு முதலாளி, "உங்கள் ஆட்களில் யாராவது வாடகைக்கு வருவார்களா பாருங்கள்" என்றார். நானும் என் ஊர்க்காரர், சிறுவயதுத் தோழர் ஒருவரை அழைத்துப் போய்க் காட்டினேன். மாதம் 3,000 வெள்ளி வாடகை, இரண்டாண்டு ஒப்பந்தம். அரை மாத வாடகையான 1,500 வெள்ளியை முதலாளி என் சட்டைப் பையில் வைத்தார். அதைத் தோழரிடம் நான் சொல்லவில்லை. அது முதல் மௌனம். கட்டடத்தைப் புதுப்பிக்கும் எண்ணம் முதலாளிக்கு இருந்தது. புதுப்பிப்பதென்றால் மூன்று மாத அறிவிப்பில் வெளியேற்றலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தும் இருந்தது. எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் தோழர் படிக்கவில்லை. நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில் கையெழுத்திட்டார். அது இரண்டாவது மௌனம். நான் எனக்குள் சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான்: காகிதத்தில் இருக்கிறதே, மறைக்கவில்லையே.

அவர் கண்ணாடி அலமாரிகளும் குளிர்சாதனமும் வைத்து 20,000 வெள்ளிக்கு மேல் செலவழித்தார். பதினான்காவது மாதம் அறிவிப்பு வந்தது. அலமாரிகளைக் கழற்றிய நாளில் நானும் உதவிக்குப் போயிருந்தேன். ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டே அவர் தலை நிமிராமல், "நானா, உங்களுக்கு முன்னமேயே தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த 1,500 வெள்ளியைப் பிற்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், எண்ணிப் பார்க்கவில்லை. இப்போதும் பெருநாளைக்குச் சந்தித்தால் ஸலாம் சொல்லிக்கொள்கிறோம்; அவ்வளவுதான். 2010-க்குப் பிறகு இப்படிப் பதிவில்லாமல் தரகு செய்வது சட்ட விரோதம். ஆனால் அன்றைக்கு என்னைத் தடுத்திருக்க வேண்டியது சட்டமன்று.

பத்தாண்டு இருக்க வந்தாரா, பத்து மாதத்துக்கு வந்தாரா என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

இனி, எதையும் மறைக்காதே என்று ஒரே அடியாகச் சொல்லிவிடலாமா? கூடாது. இங்கேதான் நிதானம் வேண்டும். வீட்டை விற்க வந்தவர் ஏன் விற்கிறார் என்பது முகவருக்குத் தெரிந்திருக்கும். கடன் நெருக்கியிருக்கலாம், கணவன் மனைவி பிரிந்திருக்கலாம், வங்கி கெடு வைத்திருக்கலாம். இந்தச் செய்தியை வாங்குபவர் காதில், "ஆள் இறுக்கத்தில் இருக்கிறார், அழுத்திக் கேளுங்கள், இறங்கி வருவார்" என்று ஊதினால் அது துரோகம். அதேபோல, வாங்குபவர் உள்ளபடி எவ்வளவு வரை ஏறுவார் என்பதை நம்பிச் சொல்லியிருந்தால் அதுவும் அமானிதம். வீட்டின் குறை வீட்டோடு போகிறது. வாங்கியவன் அதற்குள் படுத்துறங்கப் போகிறான். அவனுக்கு அது தெரிந்தாக வேண்டும். மனிதனுடைய நெருக்கடி வீட்டோடு போவதில்லை. அது அவனோடு போகிறது. அதை விற்க யாருக்கும் உரிமை இல்லை. நடைமுறையில் பல முகவர்கள் தலைகீழாகச் செய்வதைக் காண்கிறோம். கூரைக் கசிவைப் பற்றி வாய் திறக்காதவர், வீட்டுக்காரரின் குடும்பத் தகராறை முதல் சந்திப்பிலேயே அவிழ்த்துவிடுகிறார்.

நம் சமூகத்தாருக்கே உரிய ஒரு சங்கடத்தையும் குறிப்பிட வேண்டும். வீடமைப்புக் கழகத்து அடுக்கு வீடுகளில் இன விகிதாசாரக் கட்டுப்பாடு 1989-ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. ஒரு கட்டடத்தில் சீனர்களுக்குரிய அளவு நிறைந்துவிட்டால், அங்குள்ள இந்தியரோ மலாய்க்காரரோ தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் கூட்டம் சுருங்கிவிடுகிறது. பல சமயம் விலையும் சுருங்குகிறது. அந்தந்தக் கட்டடத்தின் நிலையைக் கழகத்திடமே பார்த்துக்கொள்ளலாம். இது முகவருக்கு முதல் நாளே தெரியும். நேர்மையானவர் முதல் நாளே சொல்லிவிடுவார். மற்றவர் என்ன செய்வார்? வீட்டைத் தம் கையில் பிடித்துக்கொள்ள வேண்டி, பெரிய விலையைச் சொல்லி ஆசை காட்டுவார். பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார். இரண்டு மாதம் ஓடிய பிறகு, "சந்தை சரியில்லை" என்று கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். அவர் நம்மவராகவே இருந்தால் இன்னும் எளிது. "நம்ம பிள்ளை, ஏமாற்றுவானா?" என்று நாம் ஒன்றும் கேட்பதில்லை. அந்நியனிடம் பத்துக் கேள்வி கேட்கிற நாம், ஜமாஅத்துக்காரனிடம் ஒன்றுகூடக் கேட்காமல் இருப்பதை நம்பிக்கை என்று எண்ணிக்கொள்கிறோம். அவன்மீது எவ்வளவு பெரிய சுமையை ஏற்றுகிறோம் என்பது தெரிவதில்லை. என் தோழர் என்மீது ஏற்றியது அதைத்தான்.

முகவரே தேவையில்லை என்பாரும் உண்டு. 2018-ஆம் ஆண்டிலிருந்து வீடமைப்புக் கழகத்து மறுவிற்பனைக் காரியங்களை வீட்டுக்காரரும் வாங்குபவருமே இணையத்தில் நடத்திக்கொள்ள வசதி இருக்கிறது. எழுத்தறிவும் நேரமும் உள்ளவர்கள் செய்துகொள்ளட்டும். கடையைப் பூட்டிவிட்டுப் போக முடியாத நம் போன்றோருக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

மளிகைக் கடைக்காரரின் மகன் போன ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்திருந்தான். அவனுக்கு முதன்முதலாகக் கிடைத்தது, நான் மேலே சொன்னதைப்போலவே, வெள்ளையடித்த கூரையுடைய வீடு. அவன் வாங்க வந்தவரிடம் போய் இரகசியமாகச் சொல்லவில்லை. விற்பவரிடம்தான் முதலில் போயிருக்கிறான். "கசிவைப் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள், அல்லது நான் சொல்ல அனுமதி கொடுங்கள், இரண்டும் ஆகாதென்றால் வீட்டை வேறு முகவரிடம் கொடுத்துவிடுங்கள்" என்றானாம். அவர் வேறு முகவரிடம் கொடுத்துவிட்டார். இரண்டே வாரத்தில், கேட்ட விலைக்கே வீடு விற்றுப்போயிற்று. பையனுக்கு அந்த மாதம் வருமானம் ஒன்றுமில்லை.

நான் அவனைப் பாராட்டிச் சில வார்த்தைகள் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு முன்னால் அடுக்கியிருந்த ஆரஞ்சுப் பெட்டியைப் பார்த்து, "மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மேலே இருக்கும் பழம்போலத்தான் அடியிலும் இருக்கிறதா?" என்று கேட்டான்.

கடையாளைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கவிழ்க்கச் சொன்னேன். பன்னிரண்டு பழம் தேறவில்லை.